கதை வாசிக்க இலக்கியச் சொற்களை எங்கிருந்து தொடங்கிப் பழகுவது?

உடுமலை_வாசகி · சனி, இரவு 9:40

வணக்கமுங்க. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் இரண்டு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். ஒரு சிறுகதையை எல்லோரும் படித்துவிட்டு வந்து பேசுவோம். நான் நூற்பாலையில் கணக்கு எழுதுபவள், படித்தது வணிகவியல். கதை படிப்பது சின்ன வயதிலிருந்தே உண்டு. கதையைப் பற்றிப் பேசுவதுதான் எனக்குப் புதிது.

போன முறை கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. படித்து முடித்ததும் எனக்கு மனசே ஆறவில்லை. "இந்த அழகிரிசாமி அத்தனை பிள்ளைகள் மேலேயும் உயிரை விடுகிறாரே, அந்தச் சாரங்கனை மட்டும் ஏன் கண்டுகொள்ளவில்லை?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "அம்மா, அது அழகிரிசாமி இல்லை, கதைசொல்லி" என்றார். அப்புறம் நோக்குநிலை, எச்சம், முரண்நகை, குறியீடு என்று பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. யாரும் என்னைக் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் மீதி நேரம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். அறுபது சொற்கள், ஆளுக்கு ஒரு வரி விளக்கம் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. நோட்டில் எழுதி வைத்து ஒரு வாரமாக மனப்பாடம் செய்கிறேன். படிமம் என்றால் என்ன என்று கேட்டால், சொல்லால் மனசில் எழுப்பும் காட்சி என்று ஒப்பித்துவிடுவேன். கதையைத் திறந்தால் எது படிமம், எது சும்மா வர்ணனை என்று தெரியவில்லை.

எதில் தொடங்குவது? வரிசை என்று ஏதாவது உண்டா? அதைவிட, கதையை ரசிக்கிற ஒருத்திக்கு இதெல்லாம் வேண்டுமா? உண்மையாகத்தான் கேட்கிறேன்.

---

தெப்பக்குளத்துப்_படி · சனி, இரவு 10:15

பட்டியலை மூடி வையுங்கள் அக்கா. இப்போதைக்கு ஒரே சொல் போதும்: கதைசொல்லி, அதாவது கதைக்குள் இருந்து நமக்குச் சொல்கிற குரல். எழுதியவர் வேறு, அது வேறு. உங்களுக்கு மனசு ஆறாமல் போனது எதனால் என்பதே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அறுபதைப் பிடித்தால் ஒன்றும் நிற்காது.

---

பனங்காட்டுக்_காற்று · சனி, இரவு 11:02

கடைசியாகக் கேட்டீர்களே, அதற்கு என் பதில்: வேண்டாம்.

என் அப்பத்தா நல்லதங்காள் கதை சொன்னால் தெருவே அழும். அவளுக்கு 'உச்சம்' தெரியாது, 'பாத்திரப்படைப்பு' தெரியாது. எந்த இடத்தில் நிறுத்தி வெற்றிலையை மடிக்க வேண்டும் என்று தெரியும். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்றும் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடக்கும் நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையும்போது கோட்டைக் கொடிகள் 'வராதீர்கள்' என்று கை காட்டுவது போல அசைந்தன. இலக்கணம், எடுத்துக்காட்டு, பொருத்தம். மூன்றையும் எழுதினால் முழு மதிப்பெண். எழுதினேன், வாங்கினேன். அந்தக் கொடி ஏன் வராதே என்கிறது, உள்ளே போனால் என்ன ஆகும் என்று அந்த வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. பேசாமலே அடுத்த அணிக்குப் போனோம். சிலப்பதிகாரத்தை மறுபடி தொட எனக்கு இருபது வருடம் ஆயிற்று. அந்த இருபது வருடம் இந்தச் சொற்களால் போனது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

---

பாளை_தமிழாசிரியை · ஞாயிறு, காலை 6:50

பனங்காடு தம்பி, முப்பது ஆண்டு இதைக் கற்பித்தவள் நான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் வலித்தது. நீங்கள் சொல்வது சரி. ஆனால் பழி சொல்லின் மேல் இல்லை, அதை விளக்கத்தோடு நிறுத்திவிட்ட எங்கள் மேல்தான்.

அதே கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். "போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி, வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட". படிக்கிற நமக்குத் தெரியும் கோவலன் அங்கே வெட்டுப்படப் போகிறான் என்று. கண்ணகி முன்பே தீக்கனவு கண்டு தேவந்தியிடம் சொல்லிவிட்டாள். வைகை கண்ணீரை மறைப்பது போலப் பூவாடை போர்த்திக்கொண்டு ஓடுகிறது. கொடி தடுக்கிறது. இவ்வளவுக்கும் நடுவே அந்த இருவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. நடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். இன்றைய கதை விமர்சனத்தில் இதை முன்னுணர்த்தல் என்பார்கள். வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதை நாடக முரண் என்பார்கள். 'தற்குறிப்பேற்றம்' அந்த இரண்டுக்குள்ளும் நுழைகிற வாசல். நாங்கள் உங்களை வாசலில் நிறுத்தி மதிப்பெண் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

உடுமலை அம்மா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கதைசொல்லி என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம், அது மேற்கிலிருந்து வந்த புதுச்சரக்கு இல்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்லப்படுகின்றன. மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று தொடங்குவதால் எல்லாமே யாப்பு என்று நினைத்து நாம் தாண்டிப் போய்விடுகிறோம். நடுவில் என்னென்ன வருகிறது பாருங்கள்: கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம். யார் சொல்கிறார், யாரிடம், எங்கே, எப்போது, சொல்லாமல் விட்டது என்ன, இந்தப் பேச்சு இந்த ஆளுக்கு இந்த இடத்தில் பொருந்துமா? ஒரு சிறுகதையைப் பிரித்துப் பார்க்க இந்த ஆறு கேள்வி போதாதா?

சங்கப் பாட்டின் அடியில் 'தலைவி தோழிக்கு உரைத்தது' என்று ஒரு குறிப்பு இருக்குமே, அதுதான் கூற்றும் கேட்போரும். குறுந்தொகை 25-ஐ எழுதியவர் கபிலர். ஆனால் "யாரும் இல்லைத் தானே கள்வன்" என்று சொல்வது கபிலர் இல்லை, ஒரு பெண். இரண்டாயிரம் ஆண்டாக இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. உங்கள் நூலகத்துப் பெரியவர் சொன்னதும் அதேதான்.

அந்தப் பாட்டை முழுதாகவே பார்ப்போம், ஐந்தே அடி:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னைக் கூடிய அன்று அங்கே யாரும் இல்லை. அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற மெல்லிய பசிய காலோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு மட்டும் இருந்தது.

இப்போது எச்சத்துக்கு வாருங்கள். அவள் சொல்லாமல் விட்டது என்ன? 'அந்தக் குருகும் எனக்குச் சாட்சி சொல்லாது' என்பதை அவள் சொல்லவில்லை. அதன் கண் மீன் மேல் இருந்தது என்று மட்டும் சொல்கிறாள். அவ்வளவு பயத்திலும் அதன் காலின் நிறத்தைக் கவனித்திருக்கிறாள் பாருங்கள். யாரும் பார்க்கவில்லை என்று பதறுகிறவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அந்தக் காலை வர்ணனை என்று தாண்டிப் போகவும் முடியும். ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு விழுந்துவிடும். நீங்கள் படிமத்துக்கும் வர்ணனைக்கும் வேறுபாடு கேட்டீர்கள். நான் வகுப்பில் வைத்திருந்த அளவுகோல் இதுதான்: எடுத்துப் பார், கதை விழுகிறதா?

---

பனங்காட்டுக்_காற்று · ஞாயிறு, காலை 9:31

டீச்சர், நீங்கள் எனக்குப் பத்தாம் வகுப்பில் கிடைத்திருக்க வேண்டும்.

இருந்தாலும் ஒரு சந்தேகம். நீங்கள் இப்போது செய்தது பாட்டைப் படித்துக் காட்டியது. 'எச்சம்' என்ற சொல் இல்லாமலேயே அதை நான் உணர்ந்திருக்க முடியாதா?

---

பாளை_தமிழாசிரியை · ஞாயிறு, காலை 9:58

முடியும். உங்கள் அப்பத்தாவின் தெருவில் இருந்தவர்கள் உணர்ந்தார்கள். ஆனால் அடுத்த கதையில் அதே வேலை நடக்கும்போது 'இது அங்கே பார்த்தது' என்று அடையாளம் காண ஒரு பெயர் வேண்டும். உங்கள் அப்பத்தாவிடமும் பெயர்கள் இருந்திருக்கும். "இந்த இடத்தில் இழுத்துச் சொல்லணும்", "இங்கே ஒப்பாரி வைக்கணும்" என்று அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள் அல்லவா?

---

யாழ்_மழைக்காலம் · ஞாயிறு, மதியம் 1:20

நல்ல இழை. நாங்கள் உயர்தரத்தில தமிழ் படிக்கேக்க பாத்திர வார்ப்பு, கதைப்பின்னல், நோக்குநிலை எண்டுதான் படிச்சனாங்கள். பிறகு தமிழ்நாட்டு விமர்சனங்கள் வாசிக்கேக்க அதே பொருளுக்குப் பாத்திரப்படைப்பு, கதைக்கோப்பு, பார்வைக்கோணம் எண்டு வரும். முதல்ல வேற வேற விசயம் எண்டு நினைச்சுக் குழம்பிப் போனன். அக்கா, உங்கட அறுபதில பத்துப் பன்னிரண்டு ஒண்டுக்கு ரெண்டு தரம் எழுதினதாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தைக் குறையுங்கோ.

கதைசொல்லிக்கு அடுத்ததா நான் நோக்குநிலையைச் சொல்லுவன். ரெண்டும் ஒண்டு எண்டு கனபேர் நினைக்கினம். ஒண்டில்லை. ஜெரார் ஜெனெத் எண்ட பிரெஞ்சு விமர்சகர் 1972-ல ரெண்டு கேள்வியாப் பிரிச்சவர்: ஆர் பேசுறது? ஆர் பாக்கிறது?

தி. ஜானகிராமன்ர 'பாயசம்' வாசிச்சிருக்கிறீங்களோ? அதில 'நான்' எண்டு ஆரும் கதை சொல்லேல்லை. சாமநாது அவர், அப்பிடிச் செய்தார், இப்பிடி நினைச்சார் எண்டு படர்க்கையிலதான் போகுது. பேசுறது ஒரு பொதுக் குரல். ஆனால் பாக்கிற கண் முழுக்கச் சாமநாதுவின்ர. அண்ணன் மகன் சுப்பராயன் நல்லா வந்திட்டான், பணம் சேர்த்திட்டான், வீட்டில கலியாணம் நடக்குது. அது எல்லாத்தையும் நாங்கள் இந்தக் கிழவரின்ர எரிச்சலுக்குள்ளால பாக்கிறம். கல்யாணக் கூட்டம், சாப்பாடு, செத்துப்போன பெண்சாதியின்ர குரல், எல்லாம் அவருக்கு எப்பிடிப் படுதோ அப்பிடி. கடைசியில அவர் பாயசத்தைக் கவிழ்த்து ஊத்திப்போட்டு எலி விழுந்தது எண்டு சத்தம் போடேக்க, நான் முதல் தரம் வாசிக்கேக்க, ஒரு கணம் அவற்ற பக்கம் நிண்டன். பிறகுதான் என்னையே எனக்குப் பிடிக்காமல் போச்சு. 'சாமநாது பொறாமைக்காரர்' எண்டு ஆசிரியர் எழுதியிருந்தால் எனக்கு அப்பிடி நடந்திருக்காது. நான் அவரை வெளியில நிண்டு பாத்திருப்பன்.

அந்த ஒரு கணம் எனக்கு ஏன் வந்தது எண்டு சொல்ல 'நோக்குநிலை' எண்ட சொல் தேவைப்பட்டது. அதுக்கு முதல் 'நல்ல கதை' எண்டு மட்டும்தான் சொல்லத் தெரிஞ்சது.

---

மெய்ப்பு_திருத்துநர் · ஞாயிறு, மாலை 4:45

பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன். விமர்சனக் கட்டுரைகள் நிறையக் கையில் வருவதால் ஓர் எச்சரிக்கை.

டீச்சர் சொன்ன தொல்காப்பியத் தொடர்ச்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் பழைய சொல் புது வேலைக்குப் போகும்போது பொருள் மாறிவிடுகிறது. 'கரு' ஒன்றே போதும். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில். இன்றைய 'கதைக்கரு' அது இல்லை, கதை எதைப் பற்றியது என்பது. பழைய கணக்கில் அதற்குக் கிட்டத்தில் வருவது உரிப்பொருள்தான், அதாவது கூடல், பிரிவு, ஊடல் போல அந்தப் பாட்டு பேசுகிற ஒழுக்கம். ஒரு கட்டுரையில் இரண்டையும் கலந்து, 'இந்த நாவலின் கரு கரிசல் மண்' என்று எழுதியிருந்தார்கள். கரிசல் மண் களம், கதைக்கரு இல்லை. எழுதியவருக்கு அந்த நாவல் நன்றாகவே தெரியும். சொல்தான் அவரை வழி மாற்றிவிட்டது.

உருவகமும் குறியீடும் இப்படித்தான் கலக்கின்றன. 'முகத்தாமரை' உருவகம், அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும். குறியீடு கதை முழுக்க நடந்து வந்து, கடைசியில் முதலில் இருந்ததைவிடக் கனமாக நிற்கும். ஒரு பொருள் ஒரே ஒரு முறை வந்து போனால் அதைக் குறியீடு என்று சொல்ல நான் அவசரப்பட மாட்டேன். மெய்ப்புப் பார்க்கிற கட்டுரைகளில் மழை பெய்தாலே குறியீடு என்கிறார்கள்.

உடுமலை அக்கா வரிசை கேட்டதற்கு: மூன்றாவதாகக் கதைப்பின்னலை எடுங்கள். ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-ல் ஒரு சின்ன எடுத்துக்காட்டு சொன்னார். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள்: இது கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தில் அரசியும் இறந்தாள்: இது கதைப்பின்னல். காலத்தால் கோத்தது ஒன்று, காரணத்தால் கோத்தது மற்றொன்று. ரஷ்ய வடிவவியலாளர்கள், அதாவது கதை எப்படிக் கட்டப்படுகிறது என்று ஆராய்ந்த விமர்சகர்கள், இன்னொன்றைப் பிரித்தார்கள். நடந்த வரிசை வேறு, சொல்லப்படும் வரிசை வேறு.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' இதற்கு நல்ல பாடம். முதல் வரியிலேயே செல்லம்மாளின் மூச்சு அடங்கிவிடுகிறது. அப்புறம்தான் கதை பின்னால் போய் பிரமநாயகம் பிள்ளை அவளுக்குச் செய்த பணிவிடைகளைச் சொல்கிறது. இதைப் பின்னோக்கு உத்தி என்று பெயர் சொல்லிவிட்டு நிறுத்தினால் பனங்காடு நண்பர் சொன்ன பத்தாம் வகுப்புதான். வரிசையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். நோயில் தொடங்கிச் சாவில் முடிந்திருந்தால் 'பிழைப்பாளா' என்ற பதைப்போடு ஓடி ஓடிப் படித்திருப்போம். அவள் போய்விட்டாள் என்று முதலிலேயே தெரிந்துவிட்டதால் அந்த அவசரம் இல்லை. அவர் வெந்நீர் வைப்பது, கை கால் பிடித்துவிடுவது என ஒவ்வொன்றையும் நின்று பார்க்கிறோம். இவையெல்லாம் பலிக்கப்போவதில்லை என்று தெரிந்தே பார்க்கிறோம். அந்தக் கதையின் பாரம் எனக்கு அங்கேதான் ஏறுகிறது.

---

உடுமலை_வாசகி · செவ்வாய், இரவு 10:30

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு நாளாக இந்த இழையைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். டீச்சரம்மா சொன்ன ஆறு கேள்வியைத் தனித்தாளில் எழுதி நோட்டில் ஒட்டிவிட்டேன்.

நேற்று இரவு 'அன்பளிப்பு' கதையை மறுபடி எடுத்தேன். கணக்கு எழுதுகிற பழக்கத்தில் பக்கத்தை வரவு, செலவு மாதிரி இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் அந்த 'நான்' தன்னைப் பற்றி என்ன சொல்கிறார். வலது பக்கம் சாரங்கன் என்ன செய்கிறான்.

இடது பக்கம் மளமளவென்று நிரம்பிவிட்டது. பிள்ளைகள் மேல் தனக்குள்ள பிரியம், அவர்கள் உரிமையோடு வீட்டுக்குள் வந்து செய்யும் கலாட்டா, அவர்களுக்குப் புத்தகம் கொண்டுவருவது. பொய் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் நல்லவர்தான். வலது பக்கத்துக்கு எழுதக் கொஞ்சம்தான் கிடைத்தது. ஆனால் அந்தக் கொஞ்சமும் அதே 'நான்' வாயிலிருந்து வந்ததுதான். அவரே சொல்கிறார், ஆனால் சொல்வதன் அர்த்தம் அவருக்கே கடைசி வரை எட்டவில்லை. நமக்கு முன்னாலேயே எட்டிவிடுகிறது.

அப்போதுதான் பெரியவர் சொன்னது உறைத்தது. சாரங்கனைக் கவனிக்காமல் விட்டது அந்த 'நான்'. அவர் கவனிக்கவில்லை என்பதை நான் கவனிக்கும்படி செய்தது அழகிரிசாமி. என் கோபம் சரியான கோபம்தான், தப்பான ஆளின் மேல் போய்விட்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடைசியில் பையன் அவரைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, ஒரு டைரியை நீட்டி எழுதச் சொல்கிறான். "என் பிரியமுள்ள ஸாரங்கனுக்கு அன்பளிப்பு". டைரியும் பையனுடையது, எழுத வேண்டிய வார்த்தையும் பையனுடையது. கொடுப்பவர் தரப்பில் அந்தக் கையெழுத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அப்படியானால் தலைப்பில் இருக்கிற அன்பளிப்பு யார் யாருக்குக் கொடுத்தது? முதல் முறை படித்தபோது தலைப்பை நான் பார்க்கவே இல்லை.

இதற்கு 'நம்பகமற்ற கதைசொல்லி' என்று சொல்லலாமா? என் பட்டியலில் அந்தச் சொல் இருக்கிறது.

---

மெய்ப்பு_திருத்துநர் · புதன், காலை 7:12

அக்கா, அந்த வரவு செலவுக் கணக்கை நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை.

நம்பகமற்ற கதைசொல்லி என்ற சொல்லை அமெரிக்க விமர்சகர் வேய்ன் பூத் 1961-ல் தன் நூலில் விரிவாகப் பேசினார். பூத் சொன்ன பொருளில் பார்த்தால் ஆசிரியரின் பார்வைக்கும் கதைசொல்லியின் பார்வைக்கும் இடைவெளி இருந்தாலே போதும், 'அன்பளிப்பு' உள்ளே வரும். ஆனால் இப்போது அந்தச் சொல்லைக் கேட்டதும் பொய்யன், ஏமாற்றுபவன் என்று மனசில் வந்துவிடுகிறது. அந்த நல்ல மனிதர் மேல் அதை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. "பார்வை எட்டாத கதைசொல்லி" என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் கூட்டத்தில் "அவருக்கே எட்டவில்லை" என்று சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும்.

---

தெப்பக்குளத்துப்_படி · புதன், காலை 8:40

வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சொல்வது மரம். மரத்தால் நகர முடியாது. அதனால் குளத்தங்கரையில் நடப்பதும் காதில் விழுவதும் மட்டும்தான் அதற்குத் தெரியும். தாகூரின் கதையொன்றில் இதேபோல் படித்துறை பேசும். சொல்பவரை மாற்றினால் தெரிவதும் தெரியாததும் மாறிவிடும் என்பதை அதைவிட எளிதாகக் காட்டும் கதை எனக்குத் தெரியவில்லை.

---

பனங்காட்டுக்_காற்று · புதன், இரவு 9:15

அக்கா, நீங்கள் தலைப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நானும் அழகிரிசாமியை எடுத்தேன். அவருடைய 'ராஜா வந்திருக்கிறார்'. அதை வைத்து ஒன்று கேட்க வேண்டும்.

முரண்நகை என்ற சொல்லை எல்லோரும் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். மழை வராத ஊருக்கு மழையூர் என்று பெயர் இருந்தால்கூட முரண்நகை என்கிறார்கள். இந்தக் கதையில் பணக்கார வீட்டுப் பையன், தன் அக்காளைக் கட்டிய ஜமீன் மாப்பிள்ளை தீபாவளிக்கு வந்திருப்பதை 'எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார்' என்று பெருமையடிக்கிறான். ஏழை வீட்டு மங்கம்மாள், தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகப் பதில் சொல்கிறாள். வந்திருப்பது உடம்பெல்லாம் சிரங்கு வைத்த ஓர் அநாதைப் பையன். அவன் பெயர் ராஜா. அவள் கேலி செய்யவில்லை, உண்மையைத்தான் சொல்கிறாள். அவளுடைய அம்மா தாயம்மாள் அந்தப் பையனைக் குளிப்பாட்டி, புருஷனுக்கென்று வாங்கிய துண்டை அவனுக்குக் கட்டிவிட்டிருக்கிறாள். இது முரண்நகையா? நகை எங்கே இருக்கிறது?

---

பாளை_தமிழாசிரியை · வியாழன், காலை 6:30

தம்பி, மிக நல்ல கேள்வி. 'நகை' என்பதைச் சிரிப்பு என்று மட்டும் எடுப்பதால் வரும் தடுமாற்றம் இது. சொல்வதற்கும் பொருளுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அது யார் மனத்தில் திறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

புறநானூறு 95-ல் ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். "இவையெல்லாம் மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்கிறார். அங்கே சொல்பவருக்கு இடைவெளி தெரியும். தெரிந்தே சொல்கிறார். புகழ்வது போல் பழிப்பது என்பார்கள்.

மங்கம்மாளுக்கு அந்த இடைவெளி தெரியாது. சொன்ன குழந்தைக்கு அது நேரான பேச்சு. கேட்கிற நமக்குத்தான் இரண்டு ராஜாக்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். முரண் ஆசிரியருடையது, குழந்தையுடையது இல்லை. அதனால்தான் கதை யாரையும் குத்தாமல் இருக்கிறது. உங்களுக்குச் சிரிப்பு வராமல் தொண்டை அடைத்தால் கதையைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

---

பனங்காட்டுக்_காற்று · வியாழன், காலை 7:05

அடைத்தது டீச்சர்.

---

யாழ்_மழைக்காலம் · வியாழன், இரவு 8:20

உடுமலை அக்கா, அடுத்த ஞாயிறு என்ன கதை எடுக்கிறீங்கள்?

---

உடுமலை_வாசகி · வியாழன், இரவு 9:50

'பாயசம்' எடுக்கலாம் என்று நான்தான் கேட்டிருக்கிறேன், ஒத்துக்கொண்டார்கள். கதையை நேற்றும் இன்றும் படித்துவிட்டேன். உங்களுக்கு நேர்ந்தது போலவே எனக்கும் நேர்ந்ததுங்க. பாத்திரம் கவிழும்போது நானும் அவர் பக்கம் நின்றேன்.

அறுபது சொல் இருந்த பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதில் மூன்றின் பக்கத்தில் மட்டும் கதையின் பெயரை எழுதியிருக்கிறேன். கதைசொல்லிக்கு 'அன்பளிப்பு', நோக்குநிலைக்குப் 'பாயசம்', கதைப்பின்னலுக்குச் 'செல்லம்மாள்'. எச்சத்துக்குக் குருகு என்று எழுத வேண்டும், அந்தச் சொல் பட்டியலிலேயே இல்லை. கீழே சேர்த்துக்கொண்டேன், இப்போது அறுபத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முதலில் நானே பேசலாம் என்றிருக்கிறேன். கேட்க ஒரு கேள்வியும் வைத்திருக்கிறேன். கதை முழுக்க நாம் சாமநாதுவின் கண்ணால் பார்க்கிறோம். கடைசியில் அவருடைய விதவை மகள் அவரைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் நாம் இன்னும் அவர் கண்ணுக்குள்தான் இருக்கிறோமா, இல்லை, அவளோடு சேர்ந்து அவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டோமா?